மண்மட்டத்தில் மாட்டிக்கொண்ட மானம்

ஒரு வெள்ளாடு முதுகு சொறிந்ததில் ஒரு வேலியே விழுந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அது என் வேலி.

தை மாதம். புல்லில் பனி காயாத காலை. என் மனைவியின் அண்ணன் தங்கவேலு ஊரிலிருந்து வந்திருந்தார். எங்கள் விவசாயக் காட்டோரம் கயிற்றுக்கட்டில் போட்டு அவரை உட்காரவைத்து, கையில் காப்பி டம்ளரைக் கொடுத்துவிட்டு, நான் கட்டிய வேலியின் அருமை பெருமைகளை எடுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சான், ஒவ்வொரு மரக்காலுக்கும் அடியில தார் பூசி, மேல சிமெண்டு போட்டு நட்டிருக்கறனுங்க. யானை வந்து முட்டுனாலும் அசையாதுங்க."

யானை வரவில்லை. எங்கள் சினை ஆடு ஒன்று வந்தது. நடு வேலிக்காலில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சுகமாக முதுகைத் தேய்த்தது.

'படக்' என்று ஒரு சத்தம்.

அந்தக் கால் சாய்ந்தது. சாய்ந்தது சும்மா சாயவில்லை, முள்கம்பியையும் பிடித்து இழுத்துக்கொண்டு சாய்ந்தது. அடுத்த கால், அதற்கடுத்த கால் என்று கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் உட்காருகிற ஆட்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்துவிட்டன. மூலையில் இருந்த, கிளை பிரிந்த கவைக்கால் ஒன்று மட்டும் நின்றது. ஆடு கண்ணைத் திறந்தது. எதிரே பச்சைப்பசேல் என்று பக்கத்துக் காட்டு முருங்கை. நன்றி சொல்லாமல் நடந்தது. மற்ற ஆடுகளும் பின்னாலேயே போயின.

தங்கவேலு மிச்சக் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க மாப்ள, அந்த யானைக்கு என்ன பேரு வெச்சிருக்கறீங்க?"

நடுவில் ஒரு வாக்குமூலம்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் ஸ்கூட்டர் ஓட்டிய லட்சணத்தைப் படித்துவிட்டு, 'படிக்காத ஆள் இவ்வளவு சுத்தமாக எழுதுகிறாரே' என்று வெள்ளகோவில் சந்தையில் ஒருவர் ஆச்சரியப்பட்டாராம். நான் எங்கே எழுதுகிறேன்? நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். கெட்ட வார்த்தை வந்தால் அவளே நிறுத்திவிடுகிறாள். அதனால்தான் இந்தத் தொடர் இவ்வளவு சின்னதாக வருகிறது.

படிப்பில்லாதவனை 'பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காதவன்' என்று சொல்வார்கள். என் விஷயத்தில் அது அநியாயம். எங்கள் பக்கம் மழையே பெய்யாது. பெய்திருந்தால் நானும் ஒதுங்கியிருப்பேன், இரண்டெழுத்து கற்றிருப்பேன். குற்றம் வானத்தின் மேல்.

எனக்குப் படிப்பு வரவில்லை, சரஸ்வதி மட்டும் வந்தாள். என் மனைவியின் பெயர் அது. அவள் வந்தபோது கூடவே இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளும் வந்தன, அண்ணன் தங்கவேலு கொடுத்த சீராக. அப்போது நான் சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டிக்கொண்டிருந்தேன். பட்டறைக்குப் பக்கத்து சந்தில் ஆடு வளர்க்க முடியுமா? வளர்த்தாள். ஓனரின் காய்ந்துகொண்டிருந்த சட்டையை ஆடு தின்றது. நாங்கள் சிங்காநல்லூரை விட்டு வெள்ளகோவிலுக்குக் கிழக்கே ஒரு குத்தகைக் காட்டுக்கு வந்து சேர்ந்தோம். இதெல்லாம் தொண்ணூறுகளில், எங்கள் ஊரில் கேபிள் டிவி வயர் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்த சமயம்.

இரண்டு குட்டிகள் பெருகி ஒரு பட்டி ஆயின. உள்ளதைச் சொல்கிறேன், எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக வேலை பார்த்தது ஆடுகள்தான். சரஸ்வதி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், ஓடி வரும். என்னைக் கூப்பிட்டால்தான் தேட வேண்டும்.

'ங்க' போட்டுத் திட்டுகிற ஊர்

மறுபடி அந்தத் தை மாதக் காலைக்கு வருகிறேன். பக்கத்துக் காட்டுக்காரர் சின்னச்சாமி வந்துவிட்டார். ஒரு கையில் எங்கள் சினை ஆட்டின் காது, இன்னொரு கையில் ஒடிந்த முருங்கைக் கிளை.

எங்கள் பக்கத்தில் திட்டுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். அதனால் திட்டு முடிந்து அரை நாள் கழித்துத்தான் வலிக்கும்.

"ஏனுங்க அம்மணி, நம்ம காட்டுலயே கட்டில் போட்டு ஆடுகளைப் படுக்க வெச்சறலாமுங்களா? போக வர அலைச்சல் மிச்சமுங்களே?"

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. சரஸ்வதியைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "தப்புத்தானுங்க, இனி வராதுங்க" என்றாள்.

இரண்டாவது தடவை அவள் இப்படிச் சொல்கிறாள். முதல் வேலி விழுந்தபோதும் இதையேதான் சொன்னாள்.

சின்னச்சாமி போனதும் தங்கவேலு எழுந்தார். இப்போது சிரிப்பு இல்லை.

"மாப்ள, ஆடு என்ற தங்கச்சிக்குக் குடுத்தது. பேச்சு வாங்கறதுக்குக் குடுக்கல. ஏ அம்மணி, ஆட்டையெல்லாம் நான் ஏத்திட்டுப் போயிக் கன்னிவாடிச் சந்தைல உட்டறேன். நீ நிம்மதியா இரு."

சரஸ்வதி ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆடி முடியட்டுமுங்கண்ணா. இவரு ஒருக்கா கட்டட்டும். ஆடிக் காத்துக்கு வேலி நின்னுபோட்டா ஆடு எனக்கு. இல்லீனா வந்து ஏத்திக்குங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, வாயிலயே வேலி கட்டுனது போதும். இனி மண்ணுல கட்டுங்க."

இடுப்பு போன கால்கள்

வசதியானவர்கள் எங்கள் பக்கம் கல்லுக்கால் நடுவார்கள். நட்டுவிட்டு மறந்துவிடலாம், பேரன் வந்து சாய்ந்துகொள்ளலாம். நமக்கு மரம்தான்.

முதல் வேலிக்கு மரத்தை வெட்டி, பட்டையோடு, ஈரத்தோடு, அப்படியே குழியில் நிறுத்தினேன். இரண்டு ஐப்பசி போனது. கால்கள் விழுந்தன. விழுந்ததை எடுத்துப் பார்த்தால் மேலே இரும்பு மாதிரி இருக்கிறது. குழிக்குள் இருந்த அடியைத் தோண்டினால் அதுவும் நன்றாகவே இருக்கிறது. மண்ணும் காற்றும் சேருகிற அந்த ஒரு சாண் இடம் மட்டும் ஊறி, இற்று, ரஸ்க் மாதிரி உதிர்கிறது. மனுஷனுக்கு வயதானால் இடுப்பு போகிற மாதிரி, மரத்துக்கும் இடுப்புதான் போகிறது.

சரி, அடிக்குத் தார் பூசினால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன். இரண்டாவது வேலி. குழி ஆழத்தை அளந்து, ஒவ்வொரு காலிலும் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே மட்டும் தார். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு போகவில்லை, அவ்வளவு சுத்தம். வெளியே தெரிகிற இடத்தில் தார் எதற்கு, அசிங்கம் என்று எண்ணம். அழகு பார்த்துப் பூசியிருக்கிறேன்!

அதோடு விட்டேனா? காலைச் சுற்றி சிமெண்டு போட்டேன். கொத்துவேலை தெரியாதவன் போட்ட சிமெண்டு எப்படி இருக்கும்? நடுவில் பள்ளம், ஓரத்தில் மேடு. ஒவ்வொரு காலும் ஒரு சிமெண்டு டம்ளருக்குள் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. மழை பெய்தால் டம்ளர் நிறையும். ஆடுகள் வரிசையாகப் போய் அதில் தண்ணீர் குடிக்கும்.

"நல்ல தொட்டி கட்டியிருக்கறீங்க. ஆட்டுக்குத் தண்ணி காட்டற வேலை எனக்கு மிச்சம்" என்றாள் சரஸ்வதி. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நின்ற ஒரே கால்

தங்கவேலு போன மறுநாள், விழுந்த கால்களை ஒன்றொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் சாக்பீஸ் கோடு போட்ட இடத்தில், அளந்து வெட்டியதுபோல ஒடிந்திருந்தன. தார் பூசிய இடம் நன்றாக இருந்தது. தார் எங்கே முடிந்ததோ அங்கே ஆரம்பித்திருந்தது அழுகல்.

அப்புறம்தான் மூலையில் நின்ற கவைக்காலைப் பார்த்தேன். அது மட்டும் ஏன் விழவில்லை? விழுவதென்றால் முதலில் அதுதான் விழுந்திருக்க வேண்டும். ஊரிலேயே அதிகத் தண்ணீர் குடித்த மரம் அதுதான்.

அது எப்படி என்றால், எங்கள் பக்கத்து மாரியம்மன் நோம்பித் திருவிழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு முன்னால் மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை வெட்டி வந்து நடுவார்கள். அதற்குப் பெயர் கம்பம். நோம்பி முடியும்வரை பெண்கள் தினமும் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆண்கள் சுற்றி ஆடுவார்கள். முடிந்ததும் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது வேலி கட்டும்போது, மூலைக்கு வந்த மரத்தில் மூன்று கிளை இருந்தது. கழிக்கச் சோம்பல். அப்படியே நட்டேன். சிமெண்டும் தீர்ந்துபோனதால் அதற்கு மட்டும் டம்ளர் கட்டவில்லை. கறையான் வராமல் இருக்கட்டும் என்று கையில் இருந்த மஞ்சள் தூளைக் குழைத்து அதன் மேல் அப்பினேன். மூன்று கிளை, மேலே மஞ்சள், நோம்பி மாதம். களை வெட்டப் போகிற ராமாத்தாள் அந்த வழியாகக் குடத்தோடு வந்தவள், குடத்து நீரை அதன் காலில் ஊற்றி, மூன்று சுற்று சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் நாலு பேர். அதற்கடுத்த நாள் வேப்பிலை கட்டியிருந்தார்கள். நான் ஓடினேன்.

"ஏனுங்கக்கா, இது வேலிக்காலுங்க!"

"இருக்கட்டும் சாமி. வேலிக்குள்ள ஆத்தா வந்து நின்னா வேண்டாமுன்னு சொல்லுவீங்களா?" என்றாள் ராமாத்தாள்.

நான் சரஸ்வதியைப் பார்த்தேன். அவளும் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

நோம்பி முடிந்தது. கோயில் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட்டார்கள். என்னுடையதைப் பிடுங்க நான் விடவில்லை. பிடுங்கவில்லையென்றால் ஆத்தா அங்கேயே இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? செவ்வாய், வெள்ளி தவறாமல் தண்ணீர் ஊற்றினார்கள். இந்தக் கால் முதல் மழைக்கே போய்விடும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

அதுதான் நிற்கிறது. தார் பூசிச் சிமெண்டு போட்டவை எல்லாம் படுத்திருக்க, அது மட்டும் நிற்கிறது.

கன்னத்தில் போட்டுக்கொண்டு, கடப்பாரையால் அதன் காலடியைக் கிளறினேன். அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சேறாகிறது, காலில் ஒட்டுகிறது என்று அந்தப் பெண்கள் ஓடையிலிருந்து பொடிக்கல் கொண்டுவந்து சுற்றிலும் கொட்டியிருந்தார்கள். அதன் மேல் களிமண்ணைப் பூசி, மரத்தை ஒட்டி உயரமாகவும் வெளிப்பக்கம் சரிவாகவும் மெழுகியிருந்தார்கள். குடம் குடமாக ஊற்றிய தண்ணீரெல்லாம் மரத்தடியில் நிற்காமல் வழிந்து ஓடியிருக்கிறது. போதாததற்கு, வாரம் தவறாமல் மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்து மரத்தின் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தடவியிருந்தார்கள். நான் அழகு பார்த்து விட்டுவிட்ட அந்த ஒரு சாண் இடத்தில் எண்ணெய் ஊறிப் பளபளவென்று இருந்தது.

சரஸ்வதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், விழுந்து கிடந்த சிமெண்டு டம்ளர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப எல்லாக் காலையும் கம்பமா நெனச்சுக் கட்டுங்க" என்றாள்.

எருமை நெய்

அத்தனை காலுக்கும் விளக்கெண்ணெய்க்கு எங்கே போவது? பழைய பட்டறை ஞாபகம் வந்தது. அங்கே இஞ்சினிலிருந்து இறக்கிய கருப்பு ஆயில் மூலையில் கிடந்து நாறும். போய்க் கேட்டேன். "சட்டை தின்ன ஆடு உசுரோட இருக்குதா?" என்று விசாரித்துவிட்டு, பழைய ஓனர் ஒரு டின் நிறையக் கொடுத்தார்.

சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். சாக்குக்குள் டின், சீட்டுக்கு அடியில் சாக்கு. சூலூர் தாண்டியதும் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"சாக்குல என்னங்க?"

"நெய்யுங்க."

"நெய்யா? கருப்பா ஒழுகுதுங்களே?"

"எருமை நெய்யுங்க."

பஸ் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் இருந்த பெரியவர்தான் ரொம்பச் சிரித்தார். சிரித்து முடித்துக் குனிந்து பார்த்தார். அவருடைய வெள்ளை வேட்டிக்குக் கருப்பில் ஒரு கரை ஏறியிருந்தது. பல்லடத்தில் என்னையும் நெய்யையும் மரியாதையாக இறக்கிவிட்டார்கள். 'மெதுவா இறங்குங்க' என்று கண்டக்டர் சொன்னார் பாருங்கள், அதுதான் எங்கள் ஊர். அடுத்த பஸ்ஸில் டின் மேலே ஏறியது. நானும் அதற்குத் துணையாக மேலேயே உட்கார்ந்து வந்தேன்.

(இந்த இடத்தில் மகள் பேனாவை வைத்துவிட்டாள். அந்த ஆயில் மண்ணைக் கெடுக்குமாம், கிணற்றுப் பக்கம் போகவே கூடாதாம், வேப்பெண்ணெய் என்று மாற்றிச் சொல்லச் சொல்கிறாள். நடந்தது நடந்தபடி. நீங்கள் வேப்பெண்ணெயே பூசுங்கள்.)

இந்த முறை அவசரப்படவில்லை. வெள்வேல மரமாகப் பார்த்து வெட்டி, பட்டையை உரித்து, நிழலில் காயப்போட்டோம். காய்ந்த பிறகு டின் ஆயிலை ஒரு பழைய டிரம்மில் ஊற்றி, அதற்குள் அடியை இறக்கி ஊறவைத்தோம். மண்மட்டத்துக்கு மேலேயும் ஒரு சாண் கருப்பாக இருக்க வேண்டும் என்பது சரஸ்வதியின் கட்டளை. உச்சியைத் தட்டையாக விடாமல் சாய்வாகச் சீவினேன், மழை மேலே தேங்காமல் இருக்க. குழிக்கு அடியில் பொடிக்கல், மேலே மண் போட்டு இடித்து, கடைசியில் காலைச் சுற்றிக் கல்லும் களிமண்ணுமாகச் சரிவு மேடை. கவைக்கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைத் தொட ஊரில் யாருக்கும் தைரியமில்லை.

அந்த வழியாகப் போன சின்னச்சாமி நின்று பார்த்தார்.

"என்னங்க, எல்லாத்துக்கும் சாமி மேடை கட்டிப்போட்டீங்க? எதுக்கு மொதல்ல கும்புடறதுங்க?"

"உங்க முருங்கைக்குப் பக்கத்துல இருக்கறதுக்குங்க" என்றேன்.

காற்று வந்தது

ஆடிக் காற்று எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது. வரும்போது கேட்டுக்கொண்டு வராது. அந்த வருஷம் ஆட்டுக்கொட்டகை ஓடு பறந்தது. கேபிள்காரன் வயர் அறுந்து ஊரே டிவி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. சின்னச்சாமியின் முருங்கையில் பாதி, ஆட்டு உதவி இல்லாமலே ஒடிந்தது. முள்கம்பி 'ங்ஙொய்' என்று பாடிக்கொண்டே இருந்தது.

நான் வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். நெருப்பு நிற்காது. சரஸ்வதி விடிந்ததும் வேலியோரம் போவாள். ஒவ்வொரு காலுக்கும் ஓர் உதை. உதைத்துவிட்டு அடுத்தது. கவைக்காலுக்கு மட்டும் உதைக்குப் பதில் கும்பிடு.

ஒரு நாள் பாதி வழியில் நின்றுவிட்டாள். "ஏனுங்க, இங்க வாங்க!" என்று கத்தினாள். ஓடினேன். வேலி ஒரு பக்கம் திறந்து கிடந்தது. கிட்டே போனால், கம்பிகளுக்கு இடையில் செருகியிருந்த வேலமுள்ளைக் காற்று வாரிக்கொண்டு போயிருந்தது. கால்கள் அப்படியே நின்றன. அவள் நடுக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆயில் கறை புடவையெல்லாம். அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. அவளும் போக்கப் பார்க்கவில்லை.

டெம்போ

ஆடி முடிந்ததும் தங்கவேலு வந்தார், டெம்போ வைத்துக்கொண்டு. ஆடுகளை ஏற்றுவதற்குப் பின்பக்கம் கடலைக்கொடி பரப்பி வைத்திருந்தார். அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

இறங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வேலிக்குப் போனார். ஒரு காலில் தோளைக் கொடுத்து முட்டினார். அசையவில்லை. அடுத்ததற்கு டிரைவரையும் கூப்பிட்டார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். டிரைவரின் செருப்பு வழுக்கி அவர் கீழே உட்கார்ந்தார். கால் உட்காரவில்லை.

விவசாயி அல்லவா, அதோடு விடவில்லை. இடுப்பிலிருந்த பேனாக்கத்தியை எடுத்து, குந்தி உட்கார்ந்து, மேடையைக் கொஞ்சம் ஒதுக்கி, மண்மட்டத்தில் குத்தினார். கத்தி முனை ஏறவில்லை. இன்னொரு பக்கம் குத்தினார். ஏறவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் நின்ற ஒரே சந்தர்ப்பம் அதுதான். சரஸ்வதி ஆட்டுக்குட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, அண்ணன் கையிலிருந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்தார். கத்தியை மடித்தார்.

"அம்மணி, குட்டிய எறக்கி உடு. மேயட்டும்."

அவள் இறக்கிவிட்டாள். அது நேராகப் போய் டெம்போவிலிருந்த கடலைக்கொடியைத் தின்னத் தொடங்கியது.

தங்கவேலு ஆயில் படிந்த கையைத் துடைக்க இடம் தேடினார். என் தோளில் இருந்த துண்டை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள... நம்ம தோட்டத்துல மாட்டுப்பட்டிக் காலெல்லாம் இடுப்பு போயிருச்சுங்க. போன வாரம் எருமை வெளிய வந்துபோட்டுது. ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா?"

"மச்சான், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. காத்துல காது சரியாக் கேக்கல."

"வந்து கட்டிக் குடுங்கன்னு சொன்னனுங்க!"

சின்னச்சாமி காடு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அது போதும்.

டெம்போவில் ஆயில் டிரம் ஏறியது, மிச்ச வெள்வேலக் கால்கள் ஏறின, கடப்பாரை ஏறியது. முன்னால் இடமில்லாததால் நான் பின்னால் கடலைக்கொடி மேல் ஏறி உட்கார்ந்தேன். ராஜா மாதிரி காலை நீட்டிக்கொண்டேன். சரஸ்வதி வந்து பின்கதவைத் தூக்கிக் கொக்கி மாட்டினாள். ஆடுகள் வேலிக்கு உள்ளே வரிசையாக நின்று என்னைப் பார்த்தன.

"அண்ணா, பார்த்து மெதுவா ஓட்டச் சொல்லுங்க. இது கொஞ்சம் துள்ளுமுங்க" என்றாள்.